மாத்திரைக்காக மாதம் ஒரு நாள் அட்மிஷன் போடலாமா?

கேள்வி: சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வயது 61, பீடி புகையிலை வாடையே ஆகாது, ஆனால் நுரையீரலில் புற்றுநோய். கோவையில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு 1,40,000 ரூபாயை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டது. அதற்கப்புறம் டாக்டர் எழுதிய தினசரி மாத்திரைக்கு மாதம் 38,000 ரூபாய் ஆகிறது. பத்து மாத பில்லையும் 'வெளிநோயாளி சிகிச்சை, பாலிசியில் வராது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 5 லட்ச ரூபாய் பாலிசி, 9 வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டுகிறேன். எழுத்தில் புகார் கொடுத்த பிறகு 'கருணைத் தொகை' என்று 1,90,000 தருகிறோம், வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் 'மாதம் ஒரு நாள் படுத்து எந்திரிச்சா முழுசும் வாங்கிக்கலாம்ங்க' என்கிறார்கள். எனக்குப் பணத்தைவிட இவர்களைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் எழுதியது ஆறு பக்கம், மேலே இருப்பது அதன் சுருக்கம். ஏஜென்ட் உங்களுக்கு மாமா முறை என்பதும், இப்போது போனை எடுப்பதில்லை என்பதும், கால்சென்டரில் இந்தியில் பேசினார்கள் என்பதும் எனக்கும் வருத்தம்தான், ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இதற்கெல்லாம் ஒரு ரூபாய் மதிப்பு கிடையாது. ஒன்பது வருடம் பிரீமியம் கட்டினேன் என்பதும் அப்படித்தான். இது ஏலச்சீட்டு இல்லை, கட்டியது கழிவோடு திரும்பி வர. அந்த ஒன்பது வருடத்தால் ஒரு லாபம் உண்டு: 60 மாதம் விடாமல் ஓடிய பாலிசியில் 'சர்க்கரை இருந்ததை அப்போது சொல்லவில்லை' என்று பழைய கதையைக் கிளப்பி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. இந்த 'மோசடி' என்ற சொல் திரும்ப வரும்.

சரி, விஷயம் என்ன? உங்கள் பாலிசியில் 'நவீன சிகிச்சைகள்' என்று ஒரு பக்கம் இருக்கும், யாரும் படிக்காத பக்கம். 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு பட்டியல் போட்டு, இந்தச் சிகிச்சைகளைப் பாலிசிக்கு வெளியே தள்ளக்கூடாது, வேண்டுமானால் உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அதில் வாய்வழி கீமோதெரபி, அதாவது வாயால் விழுங்கும் புற்றுநோய் மருந்து, உண்டு. உங்கள் பாலிசியிலும் இருக்கிறது, நீங்கள் அனுப்பிய நகலில் 27ஆம் பக்கம், வரம்பு காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். அதாவது கோர்ட்டுக்குப் போய் முழுதாக ஜெயித்தாலும் இந்த வருடத்துக்கு 2,50,000 ரூபாய்தான், 3,80,000 இல்லை. அவர்கள் கொடுக்க வருவது 1,90,000. ஆக நீங்கள் கோர்ட்டில் நிறுத்த நினைப்பது 60,000 ரூபாய்க்காக.

அந்த 60,000-மும் உறுதி இல்லை. அதே பக்கத்தில் 'உள்நோயாளியாகவோ, ஆஸ்பத்திரியில் டே கேர் முறையிலோ' (அன்றே வந்து அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் அம்மா மாத்திரையை வீட்டில் விழுங்குகிறார். மாத்திரை என்றாலே வீட்டில் சாப்பிடுவதுதானே, அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து விழுங்கு என்றால் என்ன அர்த்தம், எழுத்தில் குழப்பம் இருந்தால் எழுதிய கம்பெனிக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று நான் வாதாடுவேன். நல்ல வாதம்தான். ஆனாலும் தோற்கக்கூடிய வாதம்.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் கவுன்ட்டர்காரர் உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். 'ஆஸ்பத்திரியில் இருக்கணுமா, இருந்துட்டாப் போச்சு.' இதைக் கேட்டு நாசமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெருந்துறைப் பக்கம் தோட்டத்துக்காரர் ஒருவர், மனைவிக்கு இதே மாதிரி மாத்திரை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம், மாதம் ஒரு நாள் அட்மிஷன். முதல் மாதப் பணம் வந்துவிட்டது. ஊரெல்லாம் சொன்னார். இரண்டாவது பில்லுக்குக் கம்பெனி ஆள் அனுப்பியது. நர்ஸ் சார்ட்டில் பிபி, பல்ஸ், 'மாத்திரை கொடுக்கப்பட்டது', அவ்வளவுதான், ஒரு குளுக்கோஸ் பாட்டில்கூட ஏறவில்லை. அந்த ஆள் அங்கிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்து, பால் சொசைட்டி அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அட்மிஷன் தேதியில் காலையும் சாயங்காலமும் அந்த அம்மா பெயரில் பால் ஊற்றியதாகப் பதிவு. உண்மையில் ஊற்றியது மகன், அந்த அம்மா அன்று ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அதை யார் நம்புவது? மூன்று பில்லும் போனது மட்டுமில்லை, மோசடி என்று எழுதி பாலிசியையே ரத்து செய்துவிட்டார்கள், கட்டிய பிரீமியமும் போயிற்று.

இதில் பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. நிறைய கிளெய்ம் வாங்கினீர்கள் என்ற காரணத்தால் உங்கள் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. மோசடி, பொய்த் தகவல் என்றால் மறுக்கலாம். 61 வயதில், இந்த நோயோடு, உங்கள் அம்மாவுக்கு வேறு எந்தக் கம்பெனியும் பாலிசி கொடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள் (பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றி, போர்ட் பண்ணிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், புதுக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அந்தப் பேச்சை விடுங்கள்). கைவசம் இருப்பது இந்த ஒரு பாலிசி. மாதம் 38,000 ரூபாய்க்காக அதை அடமானம் வைக்கச் சொல்கிறார் கவுன்ட்டர்காரர். அவருக்கு ரூம் வாடகை வரும்.

இன்னொரு கேடும் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பிறகு கோர்ட்டில் வந்து புதிதாகச் சொல்ல முடியாது, சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உங்களுக்கு வந்த கடிதத்தில் இருப்பது 'வெளிநோயாளி' என்ற ஒரே காரணம். நொண்டிக் காரணம், உங்களுக்கு நல்லது. ஒரு நாள் அட்மிஷன் போட்டால் அது புது கிளெய்ம், அதற்கு ஒரு புதுக் கடிதம் வரும், அதில் அவர்கள் விரும்பியதையெல்லாம் எழுதுவார்கள். டாக்டரே கவனிப்பில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் காரணத்தோடு எழுதினால் அது வேறு. பில்லுக்காக எழுதச் சொல்லி நீங்கள் போய்க் கேட்காதீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். 1,90,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கசக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் இப்போது அனுப்பியிருக்கும் வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

'கருணைத் தொகை' என்ற சொல்தான் காரணம். அதற்குக் கையெழுத்துப் போட்டால், கொடுக்கக் கடமையில்லை, பாவம் பார்த்துக் கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. மாத்திரை அடுத்த வருடமும் உண்டு, அதற்கடுத்த வருடமும் இருக்கலாம். அடுத்த பில்லுக்கு, 'இது கீமோவே இல்லை, குறிவைத்துத் தாக்கும் வேறு வகை மருந்து' என்று புதுக் காரணத்தோடு வருவார்கள், இது நான் வேறு கேஸ்களில் பார்த்தது. அதனால் தொகைக்காகப் பேரம் பேசாதீர்கள், தலைப்புக்காகப் பேசுங்கள். 'நவீன சிகிச்சைகள் பிரிவில், வாய்வழி கீமோதெரபி என்ற தலைப்பில், இந்த மாத்திரைக்காக' என்று மருந்தின் பெயரோடு ஒரு வரி எழுத்தில் வரட்டும், அதற்காகப் பத்து இருபதாயிரம் குறைத்துக் கேட்டாலும் விட்டுக்கொடுங்கள். பேசி முடித்த தறிக் கூலியை எழுத்தில் வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சோமனூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டாலும் கேஸ் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே உரிமை போய்விடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. கூடவே, மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கினார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. படித்தவர், தொழில் செய்கிறவர், வங்கியில் பணம் ஏறி ஆறு மாதம் கழித்து வந்து மிரட்டினார்கள் என்றால் எடுபடாது.

அந்த ஒரு வரியைத் தர மாட்டோம் என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் குறைதீர்ப்பாளரிடம், போங்கள். கட்டணம் இல்லை, என் மாதிரி வக்கீலும் வேண்டாம், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கோபத்தில் முதலில் கோவை நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஓடிவிடாது.

உங்கள் கடிதத்தில் 'இந்த வருடப் பிரீமியம் கட்டப் போவதில்லை, பார்க்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. புதுப்பிக்கும் தேதி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதை எடுத்துப் பாருங்கள், நாளைக்கு என்றால் நாளைக்கே கட்டுங்கள்.