குண்டுப் பிள்ளைகளை மட்டும் ஓடவிடலாமா?

கேள்வி: எங்கள் பள்ளியில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை சுமார் 400 பிள்ளைகள் படிக்கிறார்கள். பலருக்கு எடை கூடிக்கொண்டே போகிறது; சிலருக்குக் கழுத்து கறுத்திருக்கிறது. குண்டாக இருப்பவர்களை மட்டும் காலையில் மைதானத்தில் ஓடவைக்கலாம் என்று பெற்றோர்-ஆசிரியர் கழகத்தில் பேசியிருக்கிறோம். இது சரியா? சர்க்கரை நோயைத் தடுக்கப் பள்ளி வேறு என்ன செய்யலாம்? (ஒரு பெற்றோர், சேலம்)

பதில்: ஓடவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் 1992இல் இதையே நாடு முழுக்கச் செய்து பார்த்தது. பருமனான மாணவர்களைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பருமன் விகிதம் குறையத்தான் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். 2007இல் திட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லா மாணவருக்குமான உடல்நலத் திட்டத்துக்கு மாறினார்கள். கேலிக்குப் பயந்த பிள்ளை மைதானத்தையே வெறுக்கும், ஒளித்துச் சாப்பிடவும் பழகும். அதனால் என்ன செய்தாலும் 400 பேருக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். ஜெர்மனியில் டோர்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களின் 32 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் ஒரு பகுதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் அமைத்து, தண்ணீர் பற்றிச் சில பாடங்களும் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டு முடிவில் அங்கே அதிக எடைக்கான அபாயம் மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் நம் ஊரில் குழாய் மட்டும் போட்டால் போதாது. மாலையில் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை என்பதால் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். தாகத்தோடு பள்ளி விட்டதும் எதிர்க்கடைக் கூல்டிரிங்ஸுக்குப் போகிறார்கள். கழிப்பறையைச் சரிசெய்வதும் நீரிழிவுத் தடுப்பு வேலைதான்.

அந்தக் கூல்டிரிங்ஸில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளே கணக்கிடட்டும். 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை என்றால் 250 மில்லி பாட்டிலில் 25 கிராம், அதாவது 5 டீஸ்பூன். சேர்க்கப்படும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 5 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அதுவும் 25 கிராம்தான். ஒரு பாட்டிலிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. சிபிஎஸ்இ 2025இல் பள்ளிகளில் வைக்கச் சொன்ன சர்க்கரைப் பலகை இதற்குத்தான். அதில் அறிவுரை எழுதுவதைவிட, உங்கள் கேன்டீனில் விற்கும் பாக்கெட்டுகளையே ஒட்டி, பக்கத்தில் அத்தனை ஸ்பூன் சர்க்கரையைச் சிறு பையில் தொங்கவிடுங்கள். மாம்பழச் சாறு, மால்ட் பானம், கிரீம் பிஸ்கட் எல்லாம் அதில் வரட்டும்.

கேன்டீனைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள். ஆனாலும் ஒப்பந்தக்காரர் சிப்ஸ் பாக்கெட்டை விட மாட்டார். அது கெட்டுப்போகாது, ஆள் வேண்டாம், லாபம் உறுதி. பள்ளி வாடகையை உயர்த்தினால் பாக்கெட்டுதான் பெருகும். வாடகையைக் குறைத்து, சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம், மோர் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வகுப்பில் பிறந்தநாள் சாக்லேட்டையும் நிறுத்தலாம். பதிலாக நூலகத்துக்கு ஒரு புத்தகம்.

விளையாட்டு: ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும். அதில் பாதியையாவது பள்ளி தர வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதற்கும், தண்டனையாக அதை ரத்து செய்வதற்கும் தலைமையாசிரியர் எழுத்தில் தடை போடட்டும். பீரியட் கிடைத்தாலும், 40 பேருக்கு ஒரே பந்து என்றால் முக்கால்வாசிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். எட்டெட்டுப் பேராகப் பிரித்து, குழுவுக்கொரு பந்தோ ஸ்கிப்பிங் கயிறுகளோ கொடுங்கள். உச்சி வெயில் நேரம் வேண்டாம்.

உயரம், எடையை ஆண்டுக்கு இருமுறை, திரைக்குப் பின்னால், செருப்பும் பையும் இல்லாமல் எடுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். பெரியவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் எண்) அளவுகோல் பிள்ளைகளுக்கு ஆகாது. 140 செ.மீ., 45 கிலோ உள்ள 10 வயதுப் பையனுக்கு பிஎம்ஐ 23 வரும். பெரியவருக்கு அது அதிக எடையின் எல்லைக்கோடு, அவனுக்கோ உடல் பருமன். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வயதுவாரி வரைபடத்தில் குறியுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். வளரும் வயதில் எடையைக் குறைக்க வேண்டும் என்பதில்லை. எடை நின்று உயரம் கூடினாலே பல பிள்ளைகளுக்குப் போதும். அதனால் ஓராண்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

வெல்வெட் போலத் தடித்துக் கறுத்த கழுத்து அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பெற்றோருக்கு உறையிட்ட கடிதம் அனுப்பி, மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள்.

இதுவரை பேசியது எடையோடு தொடர்புள்ள டைப் 2 நீரிழிவு பற்றி. உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் டைப் 1 நீரிழிவு வேறு. அது சாப்பாட்டால் வருவதல்ல, இந்தத் திட்டத்தால் தடுக்கவும் முடியாது. ஒரு பிள்ளை திடீரென மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போனால் அன்றே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். ஏற்கெனவே இன்சுலின் போடும் பிள்ளை இருந்தால், இனிப்புக்கான தடையைச் சொல்லி அதன் பையிலுள்ள குளுக்கோஸைப் பிடுங்கிவிடக் கூடாது. சர்க்கரை சட்டென இறங்கும்போது அதுதான் உயிர் காக்கும் மருந்து. வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர் இருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.