நகல் பிரிவு வரிசையில் நின்ற நான்கு வாரம்

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி நான். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வக்கீல் ஒருவரிடம் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். கேஸ் கட்டு தூக்கியதும், தீர்ப்பு நகல் வாங்க குமாஸ்தாவோடு நகல் பிரிவு வரிசையில் நின்றதும்தான் மிச்சம். ஒரு நாள் சார் வேறு கோர்ட்டுக்கு ஓடும்போது, "நம்ம கேஸைக் கூப்பிட்டா பாஸ் ஓவர் கேட்டுடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கேஸைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதுதான் அது. கேஸைக் கூப்பிட்டதும் எழுந்தேன். "நீங்க யாரும்மா?" என்று ஜட்ஜ் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. இந்தத் தொழில் எனக்கு ஒத்துவராதோ?

பதில்: முதலில் அந்த பாஸ் ஓவர். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. வக்கீலாகப் பதிவு செய்யாதவர் கோர்ட்டில் தொழில் செய்ய முடியாது என்பது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 33ஆவது பிரிவு. நீதிபதி தனியாக அனுமதித்தால்தான் மற்றவர் பேசலாம். உங்கள் சார் பக்கத்தில் இருந்த ஜூனியர் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். இனி இப்படி யாராவது சொன்னால், "சார், நான் இன்னும் என்ரோல் ஆகலை, ஜூனியர் யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பேச்சு வராததற்கும் கவலைப்படாதீர்கள். நான் என்ரோல் ஆகி மூன்றாவது மாதம், கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக நின்றுகொண்டு, சீனியரின் டைரியில் வழக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். "வாதி இல்லை, தள்ளுபடி." வாசலில் நின்ற கட்சிக்காரர், அதாவது எங்களிடம் வழக்கை ஒப்படைத்தவர், என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தள்ளுபடியை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அதற்கான அபிடவிட்டை, அதாவது உறுதிமொழிப் பத்திரத்தை, என்னையே டைப் அடிக்கச் சொன்னார் சீனியர், மூன்று தடவை. வழக்கில் ஆஜராகாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆவது கட்டளை எனக்கு மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

அப்புறம், நகல் பிரிவு. நொந்துபோய் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அங்கே கையில் வாங்கிய நகலைத் திருப்பிப் பார்த்தீர்களா? விண்ணப்பித்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், அதைக் கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகத் தேதி போட்டிருப்பார்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் வாங்க ஆன நாட்களை அதில் கழித்துக்கொள்ளலாம் என்பது காலவரையறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. வகுப்பில் ஒரு வரியில் முடிந்துவிடுகிற பிரிவு அது. கெடு தப்பியதா இல்லையா என்பதை அந்த ரப்பர் ஸ்டாம்ப் தேதிகளை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். முத்திரைத்தாள் கட்ட நாம் தாமதித்தால் அந்த நாட்கள் நம் தலையில்தான் விழும். இதை உங்கள் குமாஸ்தாவைப் போல யாரும் சொல்லித்தர முடியாது.

ஆனாலும் உங்கள் மனக்குறை நியாயமானது. கட்டைத் தூக்கச் சொன்னவர் அதைப் பிரித்தும் காட்டியிருக்க வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி உங்கள் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும், ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. எனவே இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அடுத்த இடத்தில் முதல் நாளே ஒரே ஒரு கட்டைக் கேட்டு வாங்குங்கள். பிராது, எதிருரை, சான்றாவணங்கள் என்று ஆபீஸில் உட்கார்ந்தே படியுங்கள். அந்த வழக்கில் குறுக்கு விசாரணை வரும் நாளில் போய் உட்காருங்கள். ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது அப்போது புரியும்.

மாலையில் ஆபீஸுக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து கதையைக் கொட்டுவது ஆறு மணிக்கு மேல்தான். பஸ் வசதி இருந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது இருங்கள். அங்கே கேட்டதைக் கல்லூரி டைரியில் பெயரோடு எழுதிவிடாதீர்கள், வக்கீலைப் போலவே அவர் ஆபீஸில் வேலை செய்பவரும் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்க வேண்டியவர்.

கிளம்பும்போது குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த ஆபீஸில் ஜூனியர்களை உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.