சுங்கை சிப்புட்டிலிருந்து பெர்த்துக்கு 27 பெட்டிகள்

தோட்டப்புறத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போகிறீர்கள், வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பலாமா, சுங்கத்தில் எவ்வளவு வரி பிடிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2022-இல் சுங்கை சிப்புட்டிலிருந்து பெர்த்துக்குக் குடும்பத்தோடு போனவன். கனரக வாகன மெக்கானிக். சென்ற ஆண்டு திரும்பி வந்துவிட்டேன். ஆகவே போக ஒரு முறை, வர ஒரு முறை என்று இரண்டு முறை இந்தப் பாடு பட்டிருக்கிறேன்.

வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். எனக்கு ஒரு காசுகூட வரி வரவில்லை. என் பணத்தைத் தின்றது ஒரு பிடி அரிசி.

முதலில் வரியை முடித்துவிடுகிறேன். நீங்கள் புறப்படுவதற்கு முந்தைய 12 மாதமும் உங்களுக்குச் சொந்தமாக இருந்து, நீங்களே புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஆஸ்திரேலியாவில் வரி இல்லை. பி534 என்று ஒரு படிவம் இருக்கிறது. கடப்பிதழ் நகலும் சாமான் பட்டியலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாமான் துறைமுகத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாலும், நீங்கள் நாட்டுக்குள் வராமல் அதை விடுவிக்க மாட்டார்கள். மது, சிகரெட், வாகனம் இவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம் ஆட்கள் செய்யும் தவறு, வெளிநாடு போகிறோமே என்று ஈப்போவுக்குப் போய்ப் புது மிக்சி, புது குக்கர், புதுப் போர்வை என்று வாங்கி அடைப்பது. புதுப் பொருளுக்குச் சலுகை இல்லை. பழசையே கொண்டு போங்கள்.

அடுத்தது எடை. இதில்தான் எல்லாரும் தலைகீழாக நினைக்கிறார்கள். கொள்கலனைப் பலரோடு பங்கு போட்டு அனுப்பும்போது கட்டணம் கன மீட்டர் கணக்கில். ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் என்ற அளவைத் தாண்டினால்தான் எடை கணக்குக்கு வரும். வீட்டுச் சாமான் அந்த அளவுக்குக் கனக்காது. ஆகவே அம்மிக்கல் மலிவு, தலையணை விலை! என் மனைவி கிரைண்டரை எடுக்க வேண்டாம் என்றாள், மெத்தையை எடுக்கலாம் என்றாள். கணக்குப் போட்டுக் காட்டியதும் மெத்தை மாமியார் வீட்டுக்குப் போனது, கிரைண்டர் பெர்த்துக்குப் போனது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் பெட்டி என்றால் எட்டுப் பெட்டி கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். எனக்கு 27 பெட்டி, மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.

பெட்டி என்றதும் மாமா ஞாபகம் வருகிறார். எதற்குக் காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறாய் என்று சொல்லிவிட்டு, பாசாரில் தெரிந்த கடையிலிருந்து முட்டைப் பெட்டியும், சீனப் பெருநாளுக்கு வரும் ஆரஞ்சுப் பெட்டியுமாக மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பார்க்க நல்ல கெட்டிப் பெட்டிகள். ஆனால் பழம், காய்கறி, முட்டை, இறைச்சி இருந்த பெட்டியில் சாமான் அனுப்பினால் அந்த ஊர்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள். வைக்கோல் சுற்றியும் அனுப்பக்கூடாது. மாமா மனம் நோகாமல் அவற்றையெல்லாம் அக்கா வீட்டுக்குப் பழைய துணி போட அனுப்பி வைத்தேன்.

ஆஸ்திரேலியாவில் சுங்கத்தைவிட உயிரிப் பாதுகாப்புப் பிரிவுதான் கெடுபிடி. மண், விதை, காய்ந்த இலை, பூச்சி துளைத்த மரம், பட்டை உரிக்காத மரம், இதெல்லாம் அவர்களுக்கு ஆகாது. தோட்டத்து வீட்டில் மண் ஒட்டாத சாமான் எது? பையனின் பந்து விளையாடும் பூட்ஸ், மண்வெட்டி, சைக்கிள் டயர், எல்லாவற்றையும் துருவித் துருவிக் கழுவினோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தாத்தாவின் கத்தி ஒன்றிருந்தது. பிடி மரம், கத்தி வளைவில் எப்போதோ காய்ந்த பால் கறுத்து ரப்பராகவே ஒட்டியிருந்தது, அதன் அடியில் செம்மண். பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தேன். பட்டியலில் ‘ரப்பர் பால் வெட்டும் பழைய கத்தி, மரப்பிடி, 1’ என்று எழுதினேன். கேள்வியே இல்லாமல் போய்விட்டது.

பட்டியலை இப்படித்தான் எழுத வேண்டும். ‘பூஜைச் சாமான்’ என்று எழுதினால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன புரியும்? பித்தளைக் குத்துவிளக்கு 2, பழையது; மரத்தாலான சாமி மேடை 1, வார்னிஷ் பூசியது; வெண்கல மணி 1. பெட்டிக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு தாள். ‘இதர பொருட்கள்’ என்ற வார்த்தையை எங்குமே எழுதாதீர்கள். அந்தப் பெட்டியைத்தான் முதலில் பிரிப்பார்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் ஒன்றில் கோட்டை விட்டேன். பெட்டிகளை லோரியில் ஏற்றும் நாளுக்கு முந்தின இரவு, 14-ஆம் பெட்டியிலிருந்த பித்தளைக் குடத்தை அம்மா தனியாகப் பிரித்திருக்கிறார். வெறும் குடத்தைப் புது வீட்டுக்கு அனுப்பக்கூடாதாம். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு மஞ்சள், துணியில் முடிந்து உள்ளே போட்டுவிட்டு டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டார். அதோடு விடவில்லை. பட்டுச் சேலை மடிப்புக்குள் பூச்சி வராமல் இருக்கக் காய்ந்த வேப்பிலை.

ஆறு வாரம் கழித்து, பெர்த்தின் துறைமுகமான ஃபிரிமாண்டலிலிருந்து ஏஜென்ட் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் எங்கள் குடம், பக்கத்தில் அவிழ்த்த முடிச்சு, மஞ்சள் நிறம் ஏறிய அரிசி. மொத்தமே ஒரு பிடிதான். பட்டியலில் இல்லாத தானியம் ஒரு பெட்டியில் இருந்தால் மற்றப் பெட்டிகளை நம்புவார்களா? 27-ஐயும் திறந்தார்கள். பரிசோதனைக்கு நேரக் கணக்கில் கட்டணம். அரிசி, மஞ்சள், வேப்பிலை மூன்றையும் அழிக்க ஒரு கட்டணம். தேங்காய்த் துருவியின் பலகையில் பூச்சி போட்ட சின்ன ஓட்டை இருந்ததையும் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். பூச்சி சாக மருந்துப் புகை போட்டு எடுக்கிறீர்களா, அழித்துவிடவா என்று கேட்டார்கள். புகை போடும் காசுக்கு இங்கே பத்துத் துருவி வாங்கலாம். விட்டுவிட்டேன்.

அரிசிக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்று அப்போது கோபம் வந்தது. கப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறதாம், நம் மூதாதையர் ஊரிலிருந்து கிளம்பியதுதான். அதன் புழு தீனியே இல்லாமல் ஆண்டுக் கணக்கில் இடுக்கில் கிடக்கும். கோதுமைக் கிடங்கில் புகுந்தால் அவ்வளவுதான். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா கோதுமையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் மாநிலம். அதனால் தனிப்பட்ட சாமானோடு அரிசி, பருப்பு, சீரகம், கொத்தமல்லி, காய்ந்த மிளகாய் எதுவும் வரக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அங்கே கடையில் எல்லாமே கிடைக்கும். அம்மாவிடம், மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி டேப்பை நீங்களே ஒட்டி, மேலே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, பணம். இங்கே எனக்கு விலை சொன்ன கம்பெனி (பெயர் வேண்டாம்) கப்பல் கட்டணத்தை மட்டும் சொன்னது. இறங்கும் துறைமுகத்தில் முனையக் கட்டணம், கொள்கலன் பிரிக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை என்று தனியாக வந்தது, கப்பல் கட்டணத்தைவிட அதிகம். ‘வீடு வரைக்கும், அங்குள்ள எல்லாக் கட்டணமும் சேர்த்து எத்தனை வெள்ளி’ என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். காப்புறுதி எடுத்தாலும், நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்த பொருளுக்குப் பெரும்பாலும் பணம் வராது. பீங்கானைக் கைப்பையில் வையுங்கள்.

திரும்பி வரும்போது இவ்வளவு சிரமமில்லை. நம் பக்கத்து ஏஜென்ட் கடப்பிதழ் நகல், வேலை முடிந்த கடிதம், பட்டியல் கேட்டார். சாமான் குறைந்தது 3 மாதம் புழங்கியதாக இருக்க வேண்டும் என்றார். அங்கே வாங்கிய தொலைக்காட்சிக்கு ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். காரைக் கொண்டுவரும் ஆசை இருந்தால் அதற்கு ஏபி என்ற இறக்குமதி பெர்மிட் வேண்டும், அது தனிக்கதை. என் வருத்தம் வேறு: சாமான் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் லோரியில் வந்தது. பட்டர்வொர்த்தில் இருக்கும் பினாங்குத் துறைமுகத்தில் இறக்கியிருந்தால் தூரம் பாதி. பேராக்கின் வடக்குப் பக்கம் இருப்பவர்கள் பினாங்குக்கு அனுப்ப முடியுமா என்று முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது. பெரிய லோரி எங்கள் குடியிருப்புச் சந்துக்குள் திரும்பாமல், முச்சந்தியில் நிறுத்தி, தம்பியின் வேனில் ஏழு நடை அடித்தோம்.

குடமும் திரும்பி வந்தது. அம்மா மற்றப் பெட்டி எதையும் பார்க்கவில்லை, அதைப் பிரித்து முதலில் உள்ளே கையை விட்டார். நசுங்காமல் இருக்க நான் சுருட்டி வைத்திருந்த பழைய துண்டுதான் இருந்தது.

“சரி, காலியா வரலல்ல” என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கழுவ எடுத்துப் போனார்.