ஒரு கவிதையின் அமைப்பு, யாப்பு, உணர்வு மூன்றையும் சேர்த்து எப்படி அலசுவது?

சீர்களை அசைகளாகப் பிரித்து அலகிட்டு வாய்பாடு எழுதினால் மதிப்பெண் உறுதி என்பதற்காகவே பள்ளியில் யாப்பு படித்தவன் நான். தேமா, புளிமா என்று ஒவ்வொரு சீரின் ஓசைக்கும் உரிய பெயரை எழுதியதும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். அந்த வாய்பாட்டிலேயே பாட்டின் துக்கமும் இருக்கும் என்பது வெகுநாள் கழித்துப் புறநானூறு 112ஐப் படித்தபோதுதான் உறைத்தது. தந்தையான வள்ளல் பாரியையும் அவர் ஆண்ட பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடியது, துறை கையறுநிலை, அதாவது இழப்பில் செயலற்றுப் புலம்புவது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை; இன்றைய நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்பதுதான் பாட்டு. முதலில் அலகிட்டுவிடுங்கள். ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும் அச்சு அசல் ஒன்றே: தேமா தேமா தேமா புளிமா. சொல்லிலும் அகரம் இகரமானது தவிர மாற்றமில்லை. நிலா அதே நிலா, ஓசையும் அதே ஓசை.

பாட்டு முழுக்க மூவசைச் சீர் இரண்டே இரண்டு: 'எம்குன்றும்', 'கொண்டார்யாம்'. இரண்டும் தேமாங்காய். குன்று இருந்ததைச் சொல்லும் அடியில் ஒன்று, பறிபோனதைச் சொல்லும் அடியில் ஒன்று. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நாக்கு அந்த இரண்டு இடத்தில்தான் கனக்கிறது.

நான்காம் அடியில் மூன்றே சீர். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வந்தால் நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகை. தேர்வுக்கு அது போதும். அடி எங்கே அறுகிறது என்று பாருங்கள். 'எம்' என்று உரிமை சொன்னவுடன் அடி முடிந்துவிடுகிறது. எம் எது? அடுத்த அடிக்குப் போனால்தான் 'குன்றும்', உடனே 'கொண்டார்'. நான்காம் அடியின் 'வென்றெறி முரசு', அதாவது வென்று முழக்கும் முரசு, எனக்குப் பாராட்டாகக் கேட்கவில்லை. பாரியைப் போரில் வெல்ல முடியாது, ஆடிப் பாடிப் போனால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே தந்துவிடுவான் என்று புறநானூறு 109ஆம் பாட்டில் பாரியின் நண்பரான புலவர் கபிலர் சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்துப் படித்தால் குத்தல்தான்.

அமைப்பில் எனக்குப் பிடித்தது வரிசை மாறுவது. இரண்டாம் அடியில் முதலில் தந்தை, பிறகு குன்று. கடைசி அடியில் குன்று முன்னால் வந்துவிடுகிறது. தந்தையைச் சொல்லக் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடுகிறார்கள். கண்ணீர், துயரம் என்று ஒரு சொல்கூட இல்லை. 'உடையேம்' என்றவர்கள் 'இலமே' என்கிறார்கள். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது வழக்கம், பொருளின்றி முடிவில் வரும் ஈற்றசை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த ஏகாரத்தைச் சட்டென்று நிறுத்த முடிகிறதா என்று.