வெறும் போத்தல் ஏன் காலையில் தட்டுப்பாடாகிறது?

கேள்வி: கல்முனையில் 19 லீற்றர் குடிநீர் போத்தல் நிரப்பி நிந்தவூர், சம்மாந்துறைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். நாளொன்றுக்கு 120 போகிறது. 1,000 போத்தல் இருந்தும் காலையில் நிரப்ப வெறும் போத்தல் இல்லை. இன்னும் எத்தனை வாங்குவது?

பதில்: வாங்குமுன் ஒரு போத்தல் போய்த் திரும்ப எத்தனை நாளாகிறது என்று பாருங்கள். இதைச் சுற்று என்போம். 50 போத்தலின் கழுத்தில் பெயின்ற்றால் இலக்கமிட்டு, போன நாளையும் வந்த நாளையும் கொப்பியில் குறியுங்கள். நான்கு கிழமையாவது காத்திருக்க வேண்டும். முதற்கிழமை வந்தவற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், பிந்தி வருபவையும் வராமலே போனவையும் விடுபட்டு, சுற்று குறுகியதாகத் தெரியும்.

வீட்டில் 6 நாள், கடையில் 2, கழுவக் காத்திருப்பது 1, நிரப்பி அடுக்கியிருப்பது 1 என்று வந்தால் சுற்று 10 நாள். 120 × 10 = 1,200. உங்களிடமுள்ள 1,000 நாளுக்கு 100 விற்பனையைத்தான் தாங்கும். தட்டுப்பாட்டின் காரணம் இதுதான்.

கடையில் தேங்கும் நாளைக் குறைப்பதே மலிவான வழி. நிரம்பியதை இறக்கும் அதே பயணத்தில் வெறும் போத்தலை எண்ணி ஏற்றினால் ஒரு நாள் மிச்சமாகும். அது 120 போத்தல் வாங்கியதற்குச் சமம்.

கழுவும் இடத்தைச் சராசரியை நம்பித் திட்டமிடாதீர்கள். போத்தலுக்கு 2 நிமிடமென்றால் 120க்கு 4 மணித்தியாலம். வெள்ளிக்கிழமை கடைகள் மூடி, சனிக்கிழமை 220 வந்தால் 7 மணித்தியாலத்துக்கு மேல். அன்றைக்கு இன்னொரு கை வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குப் போத்தல் முற்றத்தில் கிடந்து சுற்றை நீட்டும், வெயிலில் பாசியும் பிடிக்கும்.

சித்திரை வெயிலில் விற்பனை 180 ஆனால் 1,800 வேண்டுமென்று பயப்பட வேண்டாம். வீட்டில் தண்ணீர் விரைவாக முடிவதால் 6 நாள் 4 ஆகும். கடையிலும் ஒரு நாளைக் குறைத்திருந்தால் சுற்று 7 நாள்: 180 × 7 = 1,260. ஆகவே பங்குனிக்குள் 260 வாங்கினால் சமாளிக்கலாம், ஆனால் இதில் கையிருப்பு எதுவுமில்லை. லொறி பழுதாகும் ஒரு நாளுக்காக இன்னும் 180 சேர்ப்பது நல்லது.

இழப்பு தனிக்கணக்கு. நூற்றில் 3 திரும்பாமலோ வெடித்தோ போனால், 120 விற்பனையில் மாதம் 108 போத்தல் கரையும். மூடியைக் கழற்றி ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் கழுவினாலும் போகாது, அதை ஒதுக்கத்தான் வேண்டும். போத்தலுக்குக் கட்டுப்பணம் வாங்கி, கடைவாரியாகக் கொடுத்தது, வந்தது இரண்டையும் எழுதினால் எந்தக் கடையில் கரைகிறதென்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.