மகன் எழுத ஆரம்பித்துவிட்டான் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம்மா.

நீங்கள் அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். "கஷ்டப்பட்டு கெடச்ச இன்ஜினியரிங் சீட்டு சார், முதல் செமஸ்டரே முடியல, அதுக்குள்ள எழுதப் போறேன்னு நிக்கிறான்" என்று சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. கட்டாயத் தேசிய சேவையில் 2 ஆண்டு போயிற்று, வயதும் 21 ஆகிவிட்டது, இனித் தடம் மாறினால் என்ன ஆவது என்ற பயம் நியாயமானதுதான். தம்பியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகே இதை எழுதுகிறேன். வகுப்புக்காக எழுதிய கட்டுரையின் மூன்று வரைவுகளையும் காட்டினார். அவர் சம்மதத்தோடுதான் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கும் முதலாண்டில் ஓர் எழுத்து வகுப்பு உண்டு. ஒரு கேள்வியை எடுத்து, விசாரித்து, கட்டுரையாக எழுத வேண்டும். தம்பி எடுத்தது சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் மின்தூக்கிகளை. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, உங்களுக்கே தெரியும். 2001ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பல புளோக்குகளில் மாடிதோறும் நிற்க ஆரம்பித்தது. முதல் வரைவில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் படிப்பவருக்கு எதுவும் ஒட்டாது. அதன் ஓரத்தில் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: "மின்தூக்கி நிற்காத மாடியில் யார் இருந்தார்கள்?"

இரண்டாம் வரைவு பாட்டியில் தொடங்குகிறது. மின்தூக்கி ஆறாம் மாடியில் நிற்கும், பாட்டி வீடு ஏழாம் மாடி. தேக்கா சந்தையில் வாங்கிய சாமான்களோடு பாட்டி அந்த ஒரு மாடி ஏறுகிறார், நடுவில் திரும்பும் இடத்தில் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறார். மூன்றாம் வரைவில் ஒரு சின்ன மாற்றம். "நிறையப் படிகள்" என்று இருந்ததை அடித்துவிட்டு "18 படிகள்" என்று போட்டிருக்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை அந்தப் புளோக்குக்குப் போய் எண்ணிவிட்டு வந்தாராம். யாரும் போகச் சொல்லவில்லை, அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

அம்மா, நான் இத்தனை ஆண்டுகளாக மாணவர்களைப் பார்க்கிறேன். ஒரு நல்ல மதிப்பெண்ணும் ஆசிரியரின் பாராட்டும் கிடைத்த மயக்கத்தில் "எழுத்தாளராகப் போகிறேன்" என்று வருபவர்கள் உண்டு. அடுத்த செமஸ்டரில் அந்த ஆசை தானாக அடங்கிவிடும். எழுதியதைத் திருப்பி எழுதுவதில் சந்தோஷப்படுகிற பிள்ளைகளுக்கு அப்படி அடங்குவதில்லை. தம்பி இரண்டாம் வகை. தொடக்கக் கல்லூரியில் பொதுத்தாள் என்ற கட்டுரைத் தேர்வை எழுதியபோது இந்தச் சந்தோஷம் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுத வேண்டும். திருத்தி எழுத அவருக்கு இப்போதுதான் முதல் முறையாக நேரம் கிடைத்திருக்கிறது.

அதற்காக இன்ஜினியரிங்கை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அவரிடமும் நேராகவே அப்படித்தான் சொன்னேன். ஒரு வகுப்பை வைத்து 4 ஆண்டுப் படிப்பைத் தூக்கிப்போடக் கூடாது. கதை, கவிதை மட்டும் எழுதி சிங்கப்பூரில் வீட்டுச் செலவைச் சமாளிப்பது மிகக் கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தைத் துணைப்பாடமாக எடுக்க வழி இருக்கிறது. அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு எழுத்துப் பாடம் எடுக்கட்டும். இயந்திரவியல் பாடங்களின் சுமையோடு அதையும் இழுத்துக்கொண்டு போக முடிகிறதா என்று பார்ப்போம். முடிந்தால் துணைப்பாடத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். பொறியியலும் எழுத்தும் சேர்ந்தே தேவைப்படும் வேலைகள் இங்கே இருக்கின்றன. காப்புரிமைத் துறையைப் பாருங்கள். ஒருவர் கண்டுபிடித்த கருவியைப் புரிந்துகொண்டு, அது எதுவரை அவருக்குச் சொந்தம் என்பதை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுத வேண்டும். காப்புரிமை முகவராகப் பதிவு செய்யப் பட்டப்படிப்பும் வேண்டும், அதன் பிறகு தகுதித் தேர்வுகளும் எழுத வேண்டும். "நிறைய"வை அடித்து "18" என்று எழுதிய பிள்ளைக்கு அந்த வேலையின் அருமை புரியும். விபத்து விசாரணை அறிக்கை, இயந்திரக் கையேடு, அறிவியல் செய்தி என்று வேறு வாசல்களும் உண்டு.

"இப்ப எல்லாத்தையும் ஏஐ எழுதிடுதே" என்றும் கேட்டீர்கள். சாதாரண அறிக்கைகளை அது எழுதிவிடுகிறது, உண்மைதான். அதனால்தான் முதல் இரண்டு வரைவுகளுக்கு அதைத் தொடாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். படிக்கட்டில் நின்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவர் கையை விட்டுப் போகக் கூடாது.

தமிழில் எழுதிப் பார்க்கவும் கொஞ்சம் தூண்டினேன். 1935ல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழில் இன்று இளையர்களுக்கென்றே பக்கங்கள் வருகின்றன. தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சிறுகதையும் கவிதையும் அனுப்பலாம். "என் தமிழ் போதாது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார். வற்புறுத்தவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இன்னும் அந்தக் கட்டுரையைக் கேட்கவில்லை என்று தம்பி சொன்னார். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பரவாயில்லை, இடையிடையே தமிழில் சொல்லுவார். சம்பளம், வேலை என்ற பேச்சையே இன்றைக்கு எடுக்காதீர்கள். பாட்டி கையில் இருந்தது துணிப்பையா, பிரம்புக்கூடையா என்று தம்பிக்குச் சந்தேகம். என்னிடம் கேட்டார், எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் அம்மாதானே, நீங்கள் சொல்லுங்கள்.