டெய்ரி மில்க், கிட்கேட், ஃபைவ் ஸ்டார், ஸ்னிக்கர்ஸ், கொடைக்கானல் சாக்லேட்: சுவையிலும் மெல்லும் பதத்திலும் எது நல்லது?

இதை மார்கழியில் கேட்டால் ஒரு பதில், சித்திரையில் கேட்டால் வேறு பதில். நான் மதுரைக்காரன். இங்கே சாக்லேட்டின் ருசியில் கம்பெனிக்குப் பாதிப் பங்கு என்றால் வெயிலுக்கு மீதிப் பங்கு.

காரணம் கொக்கோ வெண்ணெய், அதாவது கொக்கோ விதையில் இருக்கும் கொழுப்பு. அது சுமார் 34 டிகிரியில் உருகும், நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கடிக்கும்போது பட்டென்று உடைவதும், நாக்கில் பட்டதும் இளகி ஓடுவதும் இதனால்தான். மில்க் சாக்லேட்டில் பால் கொழுப்பும் சேர்வதால் இன்னும் சீக்கிரமே இளகிவிடும். கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது, வாய்க்குள் நடக்க வேண்டியதெல்லாம் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

அதனால் டெய்ரி மில்க் எனக்கு மார்கழி, தை மாதத்துச் சாக்லேட். மெல்லாமல் நாக்கில் வைத்திருந்தால் முதலில் பால் ருசி வரும், கொக்கோ மெதுவாகப் பின்னால் வரும். கோடையில் வாங்குவதானால் கவருக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். கட்டங்கள் கலைந்திருந்தால் அது ஒருமுறை உருகி மறுபடி இறுகியது. அப்படி இறுகும்போது கொக்கோ வெண்ணெய் வேறு விதமான படிகமாக உறையும். உடையும்போது சத்தம் வராது, மேலே சாம்பல் பூத்தது போல வெள்ளை படியும். அது பூஞ்சை இல்லை, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாயில் மணல் மணலாக இருக்கும், காசுக்குக் கேடு. "ஃப்ரிட்ஜ்ல வச்சதா குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினாலும் உடனே கடிக்காதீர்கள், அந்தக் குளிரில் இனிப்பும் மணமும் பாதிதான் தெரியும். கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். பிரித்து வைத்தால் மேலே ஈரம் படிந்து சர்க்கரை கரையும்.

கோடைக்கு என் ஓட்டு ஃபைவ் ஸ்டாருக்குத்தான். 1969 முதல் இந்தியாவில் இருக்கும் பார் அது. உள்ளே நூகட்டும் (சர்க்கரைப் பாகை நுரைக்க அடித்துச் செய்யும் மெத்தென்ற மிட்டாய்) கேரமலும், மேலே மெல்லிய சாக்லேட் பூச்சும் இருப்பதால் பூச்சு இளகினாலும் பெரிய நஷ்டமில்லை. குளிரில் பல்லைப் பிடித்து இழுக்கும் அந்தக் கேரமல் நம் ஊர்ச் சூட்டில்தான் சரியான பதத்துக்கு வருகிறது. கை பிசுபிசுக்கும், அதற்கு என்ன செய்வது!

ஸ்னிக்கர்ஸும் ஏறக்குறைய அதே கட்டுமானம்தான், கூடுதலாக வறுத்த நிலக்கடலை. லேசாக உப்பு தட்டுவதால் திகட்டாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் பாகு நொறுங்கும், இதில் சவ்வாக இழுபடும். கடலை என்னவோ கடலைதான். நம் பக்கத்து ஆள் அதைப் புதிதாக ரசிக்க ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

கிட்கேட்டில் சாக்லேட்டைவிட வேஃபர்தான் விஷயம். 1935-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்த அதன் வேஃபர் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு பூரணம் இருக்கிறதே, அதில் ஆலையில் உடைந்துபோன கிட்கேட்டையே அரைத்துச் சேர்ப்பார்கள். மேல்பூச்சு உருகினாலும் நடுவில் மொறுமொறுப்பு நிற்கும், ஈரக்காற்று படாதவரை.

அப்புறம் கொடைக்கானல். மலைக்குப் போய்வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சாக்லேட் வத்தலக்குண்டு இறங்கி மதுரை வரைக்கும் உருகாமல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அங்கே விற்பதில் நிறைய, கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டியை உருக்கி அச்சில் வார்த்தது. விலை குறைந்த வேஃபர் பார்களின் மேல்பூச்சிலும் இதே கதைதான். அந்தக் கொழுப்பு வெயிலைத் தாங்கும், ஆனால் வாய்ச் சூட்டிலும் முழுதாக உருகாது. கொடைக்கானலில் வாங்குவதானால் கடையிலேயே ஒரு துண்டு கேட்டு வாயில் போடுங்கள். விழுங்கிய பிறகும் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியது போல நின்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.